தாழ் திறப்பு விழா

எனக்குத் தாழ் திறப்பு விழா நடக்கப்போகிறது என்பதை, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கல்யாண போட்டோவிலிருந்து என்னை மட்டும் கத்தரித்து எடுத்து ஒரு தாமரைப்பூவின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே, கையில் சாவியோடு பிள்ளையார். காலடியில் மாமன், மச்சான், பங்காளி என்று ஒரு பெருங்கூட்டம் கைகூப்பி நின்றது. அதில் பாதிப் பேரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

வண்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் என் கணவர் சர்வேஷுக்குப் பேனரை நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்தது.

"போட்டோ நல்லா வந்திருக்குது" என்றார்.

"இதுக்கு நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"நானா? நீதான் சரின்னியாமா. நித்யா அத்தை சொன்னாங்க."

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், சொல்லியிருந்தேன். நித்யா பெரியம்மா போனில் கூப்பிட்டு, "நீ வடக்க போறதுக்குள்ள ஒரு சின்ன விசேஷம் வெச்சுக்கலாம் கண்ணு, சரிதான?" என்று கேட்டார். என்ன விசேஷம் என்று நான் கேட்பதற்குள் என் வாய் "சரிங்க பெரியம்மா" என்று சொல்லி முடித்துவிட்டது. என் வாய் எப்போதுமே என்னைவிட ஒரு எட்டு முன்னால்தான் போகும்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் தன்விகா. நித்யா பெரியம்மா என் மாமனாரின் அக்கா. குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். என் மாமியார் பெயர் ரம்யா. நித்யா, ரம்யா என்ற பெயர்களில் மாமியார்கள் உலவும் காலம் வரும் என்று அந்தக் காலத்தில் யாராவது நினைத்திருப்பார்களா தெரியவில்லை. வந்துவிட்டது. சர்வேஷ் தென்னை ஏறும் ரோபோக்களை வாடகைக்கு விடுகிறார். தங்கமான மனிதர். தன் அம்மாவிடமோ அத்தையிடமோ அவர் முழுதாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

நான் தொலைநோக்கிக் கண்ணாடிகளைப் பராமரிக்கும் எஞ்சினியர். லடாக்கில், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் உயரத்தில், புதிதாக ஒரு தொலைநோக்கி கட்டுகிறார்கள். அதற்குக் கண்ணாடி பொருத்தும் குழுவில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருட வேலை. என் ஆயுளில் வேறு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை. சொந்தக்காரர்கள் அதைக் கண்ணாடி துடைக்கிற வேலை என்பார்கள். "கண்ணாடி தொடைக்கறதுக்கு லடாக்கு வரைக்கும் போகோணுமா அம்மிணி? நம்மூட்டு பீரோவுலயே இருக்குதே" என்று என் மாமனார் ஒருமுறை கேட்டார். கிண்டல் இல்லை, அவருக்கு உண்மையாகவே சந்தேகம்.

எனக்கும் சர்வேஷுக்கும் குழந்தை வேண்டும். இப்போது வேண்டாம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் பக்கத்தில் முதல் பாதி மட்டும்தான் காதில் விழும். அதனால் கல்யாணமான புதிதிலேயே இருவரும் கோயம்புத்தூருக்குப் போய் டாக்டர் ஹரிணியைப் பார்த்தோம்.

டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் பரப்பினார், வளையல் கடைக்காரர் மாதிரி.

"இது காப்பர்-டி. ரொம்ப காலமா இருக்கறது. ஒருதடவை வெச்சா பத்து வருசம் வரைக்கும் கவலையில்லை. எடுத்துட்டா உடனே குழந்தைக்கு முயற்சி பண்ணலாம். முதல்ல சில மாசம் உதிரப்போக்கு கொஞ்சம் கூட இருக்கலாம். இது கையில வைக்கற குச்சி. மூணு வருசம் தாங்கும். மாசவிலக்கு முன்னப்பின்ன ஆகும், சிலருக்கு வராமலே இருக்கும், அதனால ஆபத்தில்லை. இது அவருக்கு." ஒரு சின்னக் குப்பியை சர்வேஷ் பக்கம் நகர்த்தினார். "ஒரே ஊசி. பல வருசம் தாங்கும். வேண்டாம்னா இன்னொரு ஊசி, பழையபடி ஆயிடும்."

சர்வேஷின் முகம் வெளுத்துவிட்டது. "பாக்கலாமுங்க" என்றார்.

"பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம். நானும் இந்த ஊர்தாங்க" என்றார் டாக்டர். சர்வேஷ் இன்றுவரை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

கடைசியாக ஒரு கண்ணாடிச் சிமிழைத் திறந்தார். உள்ளே அரிசி மணி அளவில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. கூடவே கையில் கட்டிக்கொள்ள ஒரு மெல்லிய பட்டை.

"இதுதான் தாழ். தோலுக்கு அடியில வெச்சுடுவோம். மூடியிருக்கற வரைக்கும் குழந்தை உண்டாகாது. பன்னெண்டு வருசம் வேலை செய்யும்."

"மத்ததுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்றேன்.

"வேலை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். எதை எடுத்தாலும் தப்பில்லை. சாவி யார்கிட்ட இருக்குங்கறதுதான் வித்தியாசம். இது உங்க குரலுக்கு மட்டும்தான் திறக்கும். உங்க வீட்டுக்காரரால முடியாது, என்னால முடியாது, செஞ்ச கம்பெனிக்காரனாலயே முடியாது. 'திறக்கலாமா'ங்கற கேள்வி இதோட காதுல விழணும், நீங்க 'சரி'ன்னு சொல்லணும். 'தாழ் திறந்தது'ன்னு பட்டை வாய்விட்டுச் சொல்லும். அவ்வளவுதான்."

எனக்கு மிதுனாவின் ஞாபகம் வந்தது. கல்லூரியில் என்னோடு படித்தவள். கோயிலுக்குப் போகலாம் என்று வீட்டில் கூட்டிப் போனார்கள். வழியில் தெரிந்தவர் கிளினிக்கில் நிறுத்தி, அவள் வைத்திருந்த காப்பர்-டியை எடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த டாக்டர் கேட்காமல் இல்லை, "எடுத்துடலாமா?" என்று கேட்டாராம். சுற்றி ஆறு பேர் நின்றார்கள். அவள் "சரிங்க" என்றாள். அவள் மகளுக்கு இப்போது மூன்று வயது. மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறாள், ஆனால் அந்தக் கிளினிக் இருக்கும் தெருப் பக்கம் அவள் போவதில்லை.

"இதையே வெச்சுடுங்க" என்றேன். மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. சர்வேஷ்தான் கண்ணை மூடிக்கொண்டு என் இன்னொரு கையைப் பிடித்திருந்தார்.

"இப்ப இதைப் பழக்கணும்" என்றார் டாக்டர். "இதைச் செஞ்சவங்க வேற நாட்டுக்காரங்க. அங்க ஆமான்னா ஆமா. நம்ம ஊர்ல சரின்னா அதுக்கு ஆயிரம் அர்த்தம். அதனால கொஞ்ச நாளைக்கு, நீங்க எதுக்குச் சரி சொன்னாலும் பட்டை லேசா அதிரும். மனசார சொன்னதுன்னா ஒருதட்டு தட்டுங்க, சும்மா மரியாதைக்குன்னா ரெண்டுதட்டு. உங்க நாடி, மூச்சு, தொண்டை எல்லாத்தையும் கவனிச்சு, எது மெய்ச் சரி, எது பொய்ச் சரின்னு அதுவே கத்துக்கும்."

அதன்பிறகுதான் நான் ஒரு நாளில் எத்தனை தடவை சரி சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. பட்டை ஓயாமல் அதிர்ந்தது. "இன்னைக்கு உப்புமா பண்ணிரலாமா?" சரிங்க. இரண்டு தட்டு. "அந்தப் பச்சைச் சீலையக் கட்டிக்கோ." சரிங்க. இரண்டு தட்டு. "உன்ற ஆபீஸ்ல சொல்லி ஒரு வாரம் லீவு போட்டுரு, ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்கெல்லாம் போயிட்டு வந்தரலாம்." சரிங்க, சரிங்க, சரிங்க. ஆறு தட்டு. மத்தியானம் சர்வேஷ் "காப்பி போடட்டுமா?" என்று கேட்டபோது மட்டும் ஒரு தட்டு. தட்டித் தட்டி விரல் நுனி சிவந்துபோனது.

வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீடுகளில் நீங்கள் பந்தியில் உட்கார்ந்ததில்லை என்று தெரிகிறது. "வேண்டாங்க" என்றால் இன்னும் இரண்டு இட்லி விழும். "போதுமுங்க, நெசமாலும் வேண்டாங்க" என்றால் கூடவே ஒரு கரண்டி நெய். வேண்டாம் என்பது எங்களுக்கு ஒரு மரியாதைச் சொல். அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பழக்கும் நாட்கள் முடிந்ததும் டாக்டரிடம் போனேன். அவர் பட்டையின் பதிவுகளைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"தன்விகா, மனசில்லாம சரின்னா சாதாரணமா நாடி ஒரு துடிப்பாவது கூடும். தொண்டை லேசா இறுகும். உங்களுக்கு ஒண்ணுமே ஆகலை. மெய்ச் சரிக்கும் பொய்ச் சரிக்கும் உங்க உடம்புல வித்தியாசமே இல்லை. அவ்வளவு பழகிப்போச்சு."

"அப்படின்னா?"

"யாராவது திறக்கலாமான்னு கேட்டு, நீங்க மரியாதைக்குச் சரின்னு வெச்சாலும் இது திறந்துக்கலாம். அதுக்கு உங்களைப் புரியற வரைக்கும் வாயைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க."

"தெரியாம திறந்துட்டா உடனே மூடிக்க முடியுமுங்களா?"

"மூணு மாசம் ஆகும்."

அந்த உயரம் கருவுக்கு ஆபத்து என்பதால், திறந்த தாழோடு யாரையும் அந்த மலைமேல் ஏற்ற மாட்டார்கள். குழு கிளம்புவதற்கோ மூன்று மாதம் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். லடாக்கை நினைத்துக்கூட அவ்வளவு அழவில்லை. என் உடம்பே என் பக்கம் இல்லை என்று ஒரு மிசின் சொல்லிவிட்டதே என்றுதான் அழுகை வந்தது.

இதற்கிடையில் ஊருக்குள் விஷயம் வேறு மாதிரி வளர்ந்திருந்தது. தாழ் வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் என்ன நினைத்தோம்? இனிமேல் யாரையும் யாரும் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போக முடியாது, பெண்ணின் வாய்ச்சொல்தான் சாவி என்று நினைத்தோம். அது நிஜம்தான். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. வாய்ச்சொல்லை வாங்கிக்கொள்ள மண்டபம் பிடித்தார்கள்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் முதலில் ஒரு குடும்பம் ஆரம்பித்தது என்கிறார்கள். மருமகளை மணையில் உட்கார வைத்து, மாமன் சீர் கொண்டுவந்து, பெரியவர் ஒருவர் மூன்று முறை "திறக்கலாமா அம்மிணி?" என்று கேட்க, சபை நடுவே அவள் "சரிங்க" என்றதும், பட்டையின் குரல் மைக்கில் "தாழ் திறந்தது" என்று சொல்ல, கெட்டிமேளம். பார்த்தவர்களுக்கெல்லாம் பிடித்துப்போனது. நகைக்கடைகள் தள்ளுபடி போட்டன. சமையல்காரர்கள் தாழ் திறப்புக்குத் தனி மெனு போட்டார்கள், சாவி வடிவத்தில் மைசூர்பாகு உட்பட. சபை நடுவே முடியாது என்று சொன்ன பெண் ஒருத்திகூட இல்லை. சொல்ல முடிந்தவர்கள் மண்டபம் வரை வந்திருக்கவே மாட்டார்கள்.

"உங்க அம்மாகிட்ட பேசுங்க" என்று பேனரைப் பார்த்த அன்றே சர்வேஷிடம் சொன்னேன்.

"பேசறேன்" என்றார். எனக்குப் பட்டை இருந்தது. அவருக்கு இல்லை. இருந்தாலும் அது எந்தப் பேசறேன் என்று எனக்குத் தெரியும்.

மாமியாரிடம் நானே பேசியிருக்கலாம். தைரியம் வரவில்லை. ரம்யா அத்தை என்னிடம் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் எதிர்வீட்டுக் குழந்தை வந்தால் இடுப்பிலிருந்து இறக்க மாட்டார். அதன் எச்சில் பிஸ்கட்டைத் துடைக்காமல் வாயில் போட்டுக்கொள்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

விழா அன்று காலையில் எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தார்கள். கழற்றி வைத்த பட்டையை அத்தைதான் துடைத்து மறுபடி கட்டிவிட்டார். அதன்மேல் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள். பச்சைப் பட்டு. தலையில் ஒரு படி மல்லிகை. மணையில் உட்காரும்போது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது, இன்றைக்குச் சரி என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாது.

மண்டபம் நிறைந்திருந்தது. நித்யா பெரியம்மா எதிரே வந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. என் காய்ச்சலுக்கு விடிய விடிய கசாயம் வைத்துக் கொடுத்தவர். தனக்குச் சரி என்று படுவது உலகத்துக்கே சரி என்று நம்புகிறவர், அவ்வளவுதான். ரம்யா அத்தை என் பின்னால் குனிந்து, பட்டையின் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி மைக்கை என் கைப்பக்கமாகப் பிடித்துக்கொண்டார். சர்வேஷ் ஒரு தூணோடு தூணாக நின்றார்.

"ஒண்ணப் பெத்து எங்க கையில குடுத்துட்டு, பொறவு நீ லடாக்கு போ, அமெரிக்கா போ, நிலாவுக்கே போ. ஆரு வேண்டாங்கறா? திறக்கலாமா அம்மிணி?" என்றார் பெரியம்மா.

எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னேன். "இப்ப வேண்டாங்க பெரியம்மா."

சபை சிரித்தது. "பாரு, வெக்கப்படறா" என்றார் பெரியம்மா. யாரோ என் கன்னத்தில் சந்தனம் தடவினார்கள். இலையில் இன்னும் இரண்டு இட்லி விழுந்தாகிவிட்டது.

"திறக்கலாமா கண்ணு?"

"பாக்கலாமுங்க."

"பாக்கலாம்னாலே பாதி வழிக்கு வந்துட்டாள்னு அர்த்தம்" என்று என் மாமனார் உற்சாகமாகச் சொன்னார். மேளக்காரர் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பெரியம்மா என் முகவாயைத் தொட்டுத் தூக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. நிஜமான கண்ணீர். அதுதான் என்னைக் கவிழ்த்தது. "எங்களுக்கெல்லாம் வயசாகுது சாமி. திறக்கலாமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். என் வாய் ஒரு எட்டு முன்னால் போய்விட்டது.

"சரிங்க" என்றேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். லடாக் போயிற்று. கண்ணாடி போயிற்று. ஒரு சொல்லில் எல்லாம் போயிற்று.

மைக்கில் ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு பெண் குரல் கேட்டது.

"இந்தச் சரி செல்லாது."

மேளக்காரர் தூக்கிய குச்சியோடு அப்படியே நின்றார்.

"மிசினு என்னுங்க சொல்லுது?" என்று காது கேட்காத ஒரு சித்தப்பா பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். "செல்லாதாமா" என்றார் அவர்.

"செல்லாதுன்னு சொல்றதுக்கு இதென்ன பழைய நோட்டா?" என்றார் பெரியம்மா. "அம்மிணி, இன்னொருக்கா சத்தமாச் சொல்லு. திறக்கலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குரல் மறுபடி கேட்டது. "மனசுல இல்லாத சரி செல்லாது."

பட்டை என்னைப் புரிந்துகொண்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். டாக்டராலேயே கண்டுபிடிக்க முடியாததை அது கண்டுபிடித்துவிட்டது. என் உடம்பு கடைசியில் என் பக்கம் சாய்ந்துவிட்டது. அந்த ஒரு நினைப்பில் எனக்கு எங்கிருந்தோ தெம்பு வந்தது. மணையிலிருந்து எழுந்து நின்றேன். விழா நடுவில் மணையிலிருந்து எழக்கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"அது சொல்றதுதானுங்க நெசம், பெரியம்மா. எனக்குக் கொழந்தை வேணும். இப்ப வேண்டாம். நான் லடாக்குக்குப் போகோணும். போயிட்டு வந்ததும் நானே திறந்துக்குவேன். அன்னைக்கு யாரும் என்னைக் கேக்க வேண்டியதில்லை."

பெரியம்மா என்னையே பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன கண்ணு?"

"சொன்னனுங்க. வெக்கம்னு சொல்லிட்டீங்க."

எங்கோ ஒரு மூலையில் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. மணையில் உட்கார்ந்து சரிங்க சொன்னவர்கள் அந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். சிரிப்பு அவர்கள் பக்கமிருந்துதான் பரவியது. பெரியம்மாவின் உதடும் லேசாகக் கோணியது, சிரிக்கப் போகிறாரா திட்டப் போகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் ஏதோ சொல்ல விரலைத் தூக்கினார். அதற்காகவே காத்திருந்த மேளக்காரர் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு கெட்டிமேளத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டார்.

அந்தச் சத்தம் ஓய்ந்ததும் தூணிலிருந்து சர்வேஷ் பிரிந்து வந்தார்.

"பந்தி போட்டுரலாமுங்களா அத்தை? சாப்பாடு ஆறிட்டிருக்குது" என்றார்.

முழுதாக ஒரு வாக்கியம். இல்லை, இரண்டு. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன மிகச் சிறந்த வசனம் அதுதான். எங்கள் ஆட்கள் எந்த வருத்தத்தையும் தாங்குவார்கள், ஆறிப்போன சாம்பாரைத் தாங்க மாட்டார்கள். பெரியம்மா பெருமூச்சு விட்டார். "போட்டுருங்க" என்றார். போகும்போது என் தோளைத் தட்டி, "அங்க குளிருமாமா. நல்ல ஸ்வெட்டரா வாங்கிக்கோ" என்றார். தோற்றுப் போனதை ஒப்புக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது.

மணமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பட்டைக்கு ஒரு முத்தம் கொடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றியது.

பட்டை கறுப்பாக இருந்தது. தட்டினேன். அசையவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. சார்ஜ் முந்தின நாளே தீர்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் பேசியது யார்?

கதவைத் திறந்துகொண்டு ரம்யா அத்தை வந்தார். கையில் எனக்கு ஒரு டம்ளர் மோர். என் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். மோரை மேஜையில் வைத்துவிட்டு, நான் அவிழ்த்துப் போட்ட பூவை மெதுவாக எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"அத்தை" என்றேன். "நீங்களா?"

"காலையில கட்டிவுடும்போதே பாத்தேன். உசுரே இல்ல அதுக்கு." அவர் என்னைப் பார்க்கவில்லை. "அது பேசாட்டி உன்ற பெரியம்மா சும்மா உடுவாங்களா? சார்ஜ் போட்டுட்டு வந்து மறுக்காக் கேப்பாங்க. நீயும் சரிங்கம்பே."

"உங்க வாயிலயே சொல்லியிருக்கலாமுங்களே."

"என்ற வாயிலயா?" அத்தை சிரித்துவிட்டார். "முப்பது வருசமா இந்த வாயில சரிங்க தவுத்து வேற எதுவும் வந்ததில்லை கண்ணு. அதான் மிசினோட வாயில சொன்னேன். நல்லா இருந்துச்சு தெரியுமா? ரெண்டாவது தடவ சொல்றப்ப இன்னும் நல்லா இருந்துச்சு."

நானும் சிரித்தேன். அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒருக்கா ஹைதராபாத்துல வேலை கெடச்சுது. அப்பவும் உன்ற பெரியம்மாதான் கேட்டாங்க. 'மொதல்ல ஒண்ணப் பெத்துக்கலாமா ரம்யா?'ன்னு. சரிங்கன்னேன். சர்வேஷ் பொறந்தான். அவன் பொறந்ததுல எனக்கு ஒரு குறையும் இல்ல, அவன்தான் என்ற உசுரு. ஒரு வருசம் கழிச்சுக் கேட்டிருந்தா நானே முழு மனசா சரின்னிருப்பேன். யாரும் நெசமாவான்னு ஒரு வார்த்தை கேக்கல. உன்ற மாமனார்கூடக் கேக்கல."

"உங்களுக்குப் பேரக்குழந்தை ஆசை இல்லீங்களா?"

"இல்லாம என்ன? ரொம்ப இருக்குது. உங்கிட்ட எதுக்கு மறைக்கோணும்?" என்றார். "என்ற ஆசைக்கு நீ எப்படிச் சரி சொல்ல முடியும்?"

அவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு அதெல்லாம் பழக்கமில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

"நான் போயிட்டு வரட்டுங்களா அத்தை?"

"சரி கண்ணு."

அது எந்தச் சரி என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையில் பட்டை எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் முப்பது வருடம் பழகிய நாடியில் அது எதைக் கண்டுபிடித்திருக்கும்? நான் விலகி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நெசமாவா?" என்றேன்.

வெளியே இலை போடும் சத்தமும், தண்ணீர் கேட்டுக் கத்தும் குரல்களும் கேட்டன. அவர் பதிலைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

"பாதிச் சரி" என்றார் கடைசியில். "மீதிப் பாதிக்கு மனசு வரமாட்டேங்குது. ரெண்டு வருசம் நீயில்லாம ஊடு வெறிச்சுன்னு கெடக்கும். அவனும் பேச மாட்டான், அவிங்கப்பனும் பேச மாட்டாரு."

"அப்ப நான் என்ன பண்ணட்டுங்க?"

"போயிட்டு வா. மீதிப் பாதிய டெய்லி போன்ல கேளு. எப்ப வருதோ அப்பச் சொல்றேன்."

"சரிங்க அத்தை" என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"நெசந்தானுங்க" என்றேன்.